அக்காவின் பெயரில் ஒரு பார்

1

"அம்மா, நாளைக்கு எங்க கிளாஸ் பப்புக்குப் போறோம்" என்று போன மாதம் பள்ளியிலிருந்து வந்ததும் வராததுமாக என் மகன் அகிலன் அறிவித்தான். அவனுக்கு ஏழு வயது. தோசை வார்த்துக்கொண்டிருந்த என் மனைவி கலா கரண்டியை வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். இங்கிலாந்தில் எது தப்பாக நடந்தாலும் அதற்கு நான்தான் பொறுப்பு என்பது எங்கள் வீட்டில் ஐந்து வருடமாக இருந்துவரும் ஏற்பாடு.

"என்னங்க, ரெண்டாங்கிளாஸ் புள்ளைங்கள பாருக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம். போயி ஒரு வார்த்த கேக்க மாட்டீங்களா?"

கேட்டால் சிரிப்பார்கள். எங்கள் சிற்றூரின் கடைத்தெரு முனையில் 'வெள்ளை மான்' என்று ஒரு பப் இருந்தது. மூடி இரண்டு வருடமாகிறது. மூடிய நாளிலிருந்து அது வரலாற்றுச் சின்னமாகிவிட்டது. நடந்துகொண்டிருந்தவரை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத கனவான்களெல்லாம் இப்போது அதன் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்கள். பிள்ளைகளுக்கு 'நம்மூர் வரலாறு' பாடம் எடுக்க அதைவிட நல்ல இடம் இல்லையாம். சிதம்பரத்தில் ஒரு வாத்தியார் இரண்டாம் வகுப்பை வரிசையாக பார் வாசலில் நிறுத்தி, "புள்ளைங்களா, நல்லா பாத்துக்குங்க" என்று சொன்னால் அன்று மாலையே அவருக்கு ஊர்மாற்றல் கிடைத்திருக்கும்.

மறுநாள் அகிலன் குதித்துக்கொண்டு வந்தான். வெள்ளை மான் கதவில் வெளிர்நீலத் தாள் ஒன்று ஒட்டியிருந்ததாம். அதில் அப்பா பெயர் இருந்ததாம். வகுப்புக்கே சத்தமாகப் படித்துக் காட்டினானாம்.

"மிஸ் என்னடா சொன்னாங்க?"

"ஹவ் லவ்லின்னாங்க."

வெள்ளைக்காரர்கள் எந்தெந்தச் சமயத்தில் அப்படிச் சொல்வார்கள் என்று எனக்கு இப்போது ஓரளவு தெரியும். அது மகிழ்ச்சியில் சொன்னதாக இருக்காது.

விஷயம் இதுதான். வெள்ளை மான் இனி மளிகைக் கடையாகப் போகிறது. பால், ரொட்டி, கருவேப்பிலை, கூடவே பீரும் ஒயினும். மது விற்பதற்கு நகர மன்றத்தில் உரிமம் வாங்க வேண்டும். விண்ணப்பித்தவர் பெயரை நீலத் தாளில் எழுதிக் கடை வாசலில் இருபத்தெட்டு நாள் ஒட்டிவைக்க வேண்டும், ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லலாம். நான் வேலை பார்க்கும் மளிகைக் கடையின் முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர். "உங்கட பேரிலயே போடுவம், தம்பி. எனக்கு ஏற்கெனவே மூண்டு கடை இருக்கெல்லோ" என்றார். கையெழுத்துப் போட்டேன். போட்ட கை சற்று நேரம் ஒரு மாதிரியாக இருந்தது. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2

வெள்ளை மானுக்காக இங்கே ஓர் உள்ளூர் வரலாற்றுக் கழகம் துண்டுப் பிரசுரம் போட்டிருக்கிறது. நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் பாதிக்கு மேல் உரிமம் வைத்திருந்தவர்களின் பட்டியல். யார், எத்தனை வருடம், யாருக்குப் பின் யார். பீரில் தண்ணீர் கலந்து தண்டம் கட்டியவர் ஒருவர். கணவன் செத்த மறுவாரமே கடையைத் திறந்த ஒரு கைம்பெண். ஒருவர் பெயருக்கு எதிரில் 'இனிய பாடகர்' என்று குறிப்பு. எல்லாருடைய பெயரும் அவரவர் காலத்தில் கதவுக்கு மேலே வெள்ளைச் சாயத்தில் எழுதியிருந்ததாம். அதைப் படித்துவிட்டு நம்மூரில் சாராயம் விற்றவர்களுக்கு இப்படி ஒரு மரியாதை யாராவது செய்திருக்கிறார்களா என்று யோசித்தேன்.

ஆகவே, கடலூர் மாவட்டம், சிதம்பரம் நகரம், பேருந்து நிலையத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் நடுவில் ஒரு சந்தில் இருந்து மறைந்த வி.எல். பாரின் வரலாற்றை நான் எழுதிவிடுகிறேன். பட்டியல் சின்னது. 2006 முதல் 2011 வரை உரிமதாரர் ஒரே ஒருவர். திருமதி சுமதி, என் கூடப்பிறந்த அக்கா. பிராந்தி எந்த நிறத்தில் இருக்கும் என்றுகூட அவளுக்குத் தெரியாது. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுப்பவள்.

3

அக்காவின் கணவர் ராஜவேலு மாமா அரசு ஊழியர். அரசு ஊழியர் தன் பெயரில் தொழில் நடத்தக் கூடாது என்று விதி இருக்கிறது. விதியை மதிப்பதில் மாமாவை மிஞ்ச ஆள் கிடையாது. அதனால் அவர் தன் பெயரில் எதையுமே வைத்துக்கொள்ளவில்லை. மனை அக்கா பெயரில், ஸ்கூட்டர் அக்கா பெயரில். அவர் அப்பா விட்டுப்போன வேலவன் லாட்ஜும் அக்கா பெயருக்கு மாறியது. சட்டப்படி பார்த்தால் மாமா மனைவி வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்த ஏழை.

இப்படிப்பட்ட வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு, உங்களுக்கும் தெரிந்திருக்கும். வீட்டுக்காரர் காகிதத்தை நீட்டுவார், பெருக்கல் குறி போட்ட இடத்தில் வீட்டுக்காரி கையெழுத்துப் போடுவாள். என்ன காகிதம் என்று கேட்பது புருஷனைச் சந்தேகப்படுவதாகும். அக்கா பி.எஸ்சி. கணிதம், முதல் வகுப்பு. பத்தாம் வகுப்புப் பையன் ஒரு கழித்தல் குறியை விட்டுவிட்டால் தூக்கத்தில்கூடக் கண்டுபிடித்துவிடுவாள். ஆனால் மாமா நீட்டியதை அவள் படித்ததில்லை.

நான் அப்போது லாட்ஜில் ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்தேன். பி.காம். முடித்து, கல்யாணமாகி, அகிலன் பிறந்து, அடுத்து என்ன என்று தெரியாமல் இருந்த காலம். சாராயக் கடைகளை அரசாங்கமே எடுத்து நடத்த ஆரம்பித்திருந்தது. தனியாருக்கு மிச்சம் இருந்தது லாட்ஜோடு சேர்ந்த பார்தான். இத்தனை அறை இருக்க வேண்டும், உணவகம் இருக்க வேண்டும், வெளியூர்ப் பயணிகள் தங்க வேண்டும், அந்தக் களைத்துப்போன பயணிகளின் தாகசாந்திக்காக ஒரு பார் இருக்கலாம். 2005இல் ஒருநாள் மாமா விண்ணப்பத்தோடு வந்தார்.

"மச்சான், நீ பி.காமு. இத ஃபில்லப் பண்ணு. உங்க அக்காகிட்ட நீயே கையெழுத்து வாங்கிடு. நான் போனா ஆயிரம் கேள்வி கேப்பா."

கேட்கமாட்டாள் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். விதிமுறைகள் அச்சடித்த பக்கங்களும் கூட இருந்தன. இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் நிரப்பினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும், அதில் எனக்குக் கர்வமும் உண்டு. அக்கா வீட்டுக்குப் போனபோது கூடம் நிறையப் பிள்ளைகள். அவள் சிவப்புப் பேனாவை வைத்துக்கொண்டு நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள்.

"என்னாடா இது?"

"லாட்ஜ் ரெனீவல்க்கா."

அதே சிவப்புப் பேனாவால் நான்கு இடத்தில் போட்டுக் கொடுத்துவிட்டு, "சாப்டுட்டுப் போ" என்றாள். சாப்பிட்டேன். கத்தரிக்காய்க் குழம்பு.

4

மூன்று வாரத்தில் விண்ணப்பம் கடலூரிலிருந்து திரும்பி வந்தது. சிவப்பு மையில் போட்ட கையொப்பம் ஏற்பதற்கில்லை என்று ஒரு சீட்டு குத்தியிருந்தது. பார் வைப்பது யார், எதற்கு, பக்கத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்பதைப் பற்றியெல்லாம் அலுவலகத்துக்கு ஒரு கேள்வியும் இல்லை. மையின் நிறம் மட்டும் உறுத்தியிருக்கிறது.

மறுபடியும் புதுப் படிவம், மறுபடியும் என் அழகான கையெழுத்து. மாமாவும் கூட வந்தார், இந்தத் தடவை நீலப் பேனாவோடு. அன்றைக்கு டியூஷன் இல்லை. சும்மா இருந்த அக்கா, "போன மாசம்தான போட்டேன்?" என்றபடி முதல் பக்கத்தைப் புரட்டினாள். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் முதல்முறையாகப் படித்தாள். முழுதும் படிக்கவில்லை, தலைப்பே போதுமானதாக இருந்தது.

"பாரா?" என்றாள். மாமாவைப் பார்த்துக் கேட்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"பேருதான் சுமதி உன்னுது. சும்மா பேப்பர்ல. மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றார் மாமா.

"எங்கிட்ட படிக்க வர்ற புள்ளைங்க அப்பன் ஆத்தாளுக்கு நான் என்னா பதில் சொல்றது? டீச்சர் பேருலதான் பாரு ஓடுதுன்னு சொல்லவா?"

"ஊருல எவன் வந்து ஃபைல பாக்கப்போறான்?"

"நான் போட மாட்டேன்."

மாமா கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சட்டைப் பையிலிருந்து இன்னொரு காகிதத்தை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். அது என் விசா விண்ணப்பத்துக்கு வேண்டிய ஸ்பான்சர் கடிதம். லண்டனில் ஒரு கல்லூரியில் எனக்கு மேலாண்மை டிப்ளமோவுக்கு இடம் கிடைத்திருந்தது. நான் போக வேண்டுமானால் மாமா தன் அரசுச் சம்பளச் சான்றோடு கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் அப்பா அம்மா இரண்டு பேருமே இல்லை, எனக்காகக் கையெழுத்துப் போட வேறு யாரும் கிடையாது.

"உன் தம்பி ஃபாரின் போவணும்ல? இதுல நான் போடணும், அதுல நீ போடணும். ரெண்டு நிமிஷ வேல" என்றார்.

அப்போது நான் செய்திருக்க வேண்டிய காரியம் ஒன்றே ஒன்று. 'எனக்கு லண்டன் வேண்டாங்கா' என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சுவரில் மாட்டியிருந்த தினக்காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைய ராசிபலனைப் படித்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா? அக்கா நீலப் பேனாவை வாங்கி நான்கு இடத்திலும் போட்டாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்துப் பயனில்லை, துள்ளிக் குதிக்கிற அளவு சந்தோஷமாக இருந்தது.

5

ஆய்வு நாள் எங்கள் பாரின் வரலாற்றில் பொன்னெழுத்துக்களில் பொறிக்க வேண்டியது. லாட்ஜில் பயணிகள் தங்குகிறார்களா என்று பார்க்க அதிகாரி நேரில் வருவார். வேலவன் லாட்ஜில் அன்று தங்கியிருந்தவர் ஒரே ஒருவர், வளையல் வியாபாரி. மாமா கிள்ளையில் இருக்கும் தன் சொந்தக்காரர்களுக்குச் சொல்லியனுப்பினார். ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். அறைக்கு இருவர் வீதம் அடைத்து, தலைக்கு ஒரு பிரியாணிப் பொட்டலம் கொடுத்து, "கேட்டா டூரிஸ்ட்டுன்னு சொல்லணும்" என்று பாடம் நடத்தினேன். வந்தவர்கள் அனைவரும் உள்ளூர்ப் பெருமைக்காரர்கள். ஊர் பெயரை மாற்றிச் சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை.

அதிகாரி முதல் அறைக் கதவைத் தட்டினார். மாமாவின் பெரியப்பா மகன் லுங்கியில் வந்து நின்றார்.

"எங்கேர்ந்து வர்றீங்க?"

"கிள்ளைங்க."

"என்னா விஷயமா?"

"டூரிஸ்ட்டுங்க. பிச்சாவரம் பாக்க வந்தோம்."

"கிள்ளையிலேர்ந்து பிச்சாவரம் கூப்புடு தூரமாச்சே. அதுக்கு எதுக்குய்யா சிதம்பரம் வந்து ரூம் போட்டீங்க?"

அவர் அசரவில்லை. "ரூமு நல்லாருக்குதுன்னு சொன்னாங்க சார்" என்றார்.

அடுத்த அறையிலும் கிள்ளை. அதற்கடுத்த அறையில் இருந்தவர் அதிகாரியைத் தாண்டி மாமாவிடம், "மாமா, எனக்குப் பொட்டலம் வரல" என்றார். அதிகாரி என்னிடம் வந்து பதிவேட்டைக் கேட்டார். இருபது பேருக்கும் ஒரே கையெழுத்து, ஒரே ஊர், ஒரே நோக்கம். புரட்டினார், மூடினார், சிரிப்பை அடக்கிக்கொண்டு டீ குடித்தார். அவருக்கும் ஒரு கோப்பு முடிய வேண்டும். இருந்தாலும் ஒரு விஷயத்தில் மட்டும் உறுதியாக இருந்தார். "உரிமம் கேக்குறவங்கள நான் நேர்ல பாக்கணும்."

அக்காவை ஆட்டோ வைத்துக் கூட்டிவந்தோம். வந்து வரவேற்பறை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"உங்க விருப்பத்தோடதான்மா அப்ளை பண்ணிருக்கீங்க?" என்று அதிகாரி கேட்டார். நியாயமான மனிதர்தான். அந்தக் கேள்விக்கு அவள் இல்லை என்று சொல்லியிருந்தால் அங்கேயே எழுதி மூடியிருப்பார்.

அக்கா நிமிர்ந்தாள். மாமா தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். நான் கும்பிடாத குறையாக நின்றேன்.

"ஆமாம் சார்" என்றாள்.

"ரெண்டு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ குடுங்கம்மா."

6

உரிமம் வந்தது. சாமி பெயரில் பார் வேண்டாம் என்று யாரோ நல்லெண்ணத்தில் சொன்னதால் வேலவன் லாட்ஜ், வி.எல். ஆனது. முருகனுக்கும் சங்கடமில்லை, குடிப்பவர்களுக்கும் இல்லை. உரிமத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கல்லாவுக்குப் பின்னால் மாட்டினோம். அதில் அக்காவின் புகைப்படம். அவளுடைய வகுப்பில் இருப்பவர்களைப் பார்ப்பதைப் போலவே பார்ப்பாள். அதன் கீழே உட்கார்ந்து குடிக்கச் சிலருக்குக் கூச்சமாக இருந்ததென்று சப்ளையர் சொன்னான். அந்த மேசை மட்டும் கடைசியாகத்தான் நிரம்புமாம்.

நான் 2006இல் விமானம் ஏறினேன். என் கல்லூரி வறுத்த கோழி விற்கிற ஒரு கடைக்கு மேல் மாடியில் இருந்தது. மேலாண்மைத் தத்துவங்களை இன்றைக்கும் எண்ணெய் வாசனையோடுதான் நினைவு வைத்திருக்கிறேன். டிப்ளமோ கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு ஒரு மளிகைக் கடையில் பால் அடுக்கினேன். அப்புறம் கல்லாவுக்கு வந்தேன். இங்கே இளசாகத் தெரிகிறவர் மது கேட்டால் வயதுச் சான்று கேட்க வேண்டும், கேட்காவிட்டால் வேலை போய்விடும். வெள்ளைக்காரர்களின் வயது எனக்குப் பிடிபடவில்லை. வந்த புதிதில் ஓர் அம்மாளிடம் சான்று கேட்டேன். அவர் பேரனின் படத்தை எடுத்துக் காட்டிவிட்டு என் கன்னத்தைத் தட்டிச் சென்றார். அதற்குப் பிறகு வாரம் தவறாமல் வந்து, நான் கேட்பதற்கு முன்பே கைப்பையைத் திறப்பார்.

அதே சமயத்தில் சிதம்பரத்தில் அக்காவிடம் ஒருவரும் சான்று கேட்கவில்லை. எல்லாருக்கும் அவளைத் தெரிந்துவிட்டது. ஒரு நாள் பேருந்து நிலையத்தில் யாரோ ஒருவர் பவ்வியமாகக் கும்பிட்டாராம். "மேடம், நீங்கதான ஓனரு? பார்ல ஐஸு சரியா வைக்கிறதில்ல மேடம். கொஞ்சம் சொல்லுங்க." அவள் பக்கத்தில் டியூஷன் பிள்ளையின் தாயார் நின்றிருந்தார். அடுத்த வாரம் நாலு பிள்ளைகள் வரவில்லை. அதற்கடுத்த மாதம் கூடம் காலி. யாரும் சண்டை போடவில்லை, காரணமும் சொல்லவில்லை. வாசலில் செருப்புகள் குறைந்துகொண்டே வந்தன, அவ்வளவுதான்.

அக்கா கடலூர் செம்மண்டலத்தில் பூட்டிக்கிடந்த எங்கள் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே பாரைப் பற்றி யாருக்கும் தெரியாது. மூன்று பிள்ளைகளோடு புதிதாக ஆரம்பித்தாள். மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் போய் மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டுத் திரும்பினார். அவரைக் கேட்டால் பிரிவு என்று எதுவும் இல்லை, வேலை நிமித்தம் இரண்டு ஊர்.

ஆனால் உரிமம் வருடாவருடம் புதுப்பிக்க வேண்டியது. அதற்கு அவள் கையெழுத்து வேண்டும். அந்தப் பொறுப்பை மாமா என்னிடம் ஒப்படைத்திருந்தார். "மச்சான், நீ சொன்னாதான் கேப்பா."

ஒவ்வொரு வருடமும் ஃபோன் செய்தேன். முதல் வருடம், கலாவும் குழந்தையும் வர விசாவுக்கு மாமா உதவ வேண்டியிருக்கிறது. அடுத்த வருடம், என் விசா நீட்டிப்பு. அதற்கடுத்த வருடம், இப்போது நிறுத்தினால் அபராதம் வரும் என்றேன். அப்படி ஒன்றும் இல்லை. நாலாவது வருடம், மாமாவுக்கு உடம்பு சரியில்லை, இந்த நேரத்தில் வேண்டாமே. ஐந்தாவது வருடம் என்ன சொன்னேன் என்று எனக்கே ஞாபகமில்லை. எனக்கு அவர் தயவு தேவைப்படாத காலமும் வந்துவிட்டிருந்தது. பழக்கம் மட்டும் விடவில்லை. "இந்த ஒரு வருஷம் மட்டுங்க்கா" என்பேன். "ம்" என்பாள். அந்த 'ம்' கேட்டதும் எனக்குப் பசிக்க ஆரம்பிக்கும்.

"நிறுத்தவே முடியாதாடா?" என்று ஒரு தடவை கேட்டாள்.

"அது பெரிய ப்ராசஸ்க்கா" என்றேன்.

7

2011இல் ஒருநாள் மதியம் பார் திறந்து சற்று நேரத்தில் அக்கா உள்ளே நுழைந்தாள். அதற்கு முன் அவள் அங்கே காலடி வைத்ததே இல்லை. இந்தக் காட்சியை எனக்கு மாமா சொன்னார், சப்ளையர் சொன்னான், அக்காவும் சொன்னாள். மூன்றும் ஒத்துப்போகிற ஒரே விஷயம் இது: அவளைப் பார்த்ததும் உள்ளே இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். சுவரில் தினமும் பார்க்கிற முகம் நேரில் வந்தால் வேறென்ன செய்வார்கள்? ஒருவர் டம்ளரை மேசைக்கடியில் மறைத்தார். தூணுக்குப் பின்னால் போய் நின்ற ஒருவரைப் பார்த்து, "நீ சரவணன்தான? ப்ளஸ் டூல என்னா மார்க்கு வாங்குன?" என்றாளாம். அவர் மார்க்கைச் சொன்னாராம்.

பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றினாள். பின்னட்டையை நீக்கித் திருப்பினாள். பின்பக்கம் உரிம நிபந்தனைகள் பொடி எழுத்தில் அச்சாகியிருந்தன. அங்கேயே நின்று முழுவதையும் படித்தாள். எல்லாரும் நின்றபடி காத்திருந்தார்கள். சட்டத்தை முந்தானையில் சுற்றிக்கொண்டு கடலூர் பஸ் ஏறிவிட்டாள்.

கடலூரில் உரிமம் கொடுக்கும் அலுவலகத்தில் இருந்த எழுத்தர் ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "வூட்டுக்காரர கூட்டிட்டு வாங்கம்மா" என்றார்.

"லைசென்ஸு யாரு பேருல சார் இருக்கு?"

"உங்க பேருலதான். இருந்தாலும் சாரு வந்தாதான…"

"சாரு கவர்மென்ட் ஸ்டாஃபு. அவரு பேருல எதுவும் இருக்கக்கூடாது. இதுல பன்னண்டாவது நிபந்தன படிங்க சார். உரிமதாரர் எப்ப வேணும்னாலும் எழுதிக்குடுத்து ஒப்படைச்சிடலாம்னு போட்டிருக்கு. நான்தான் உரிமதாரர்."

எழுத்தர் படித்தார். இன்னொருவரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். பிறகு கடிதத்தை வாங்கி முத்திரை குத்திக் கொடுத்தார். எத்தனை அறை, எத்தனை டூரிஸ்ட், எத்தனை பிரியாணிப் பொட்டலம் போட்டுக் கட்டிய பார் அன்று சாயங்காலத்தோடு முடிந்தது.

மாமா என்னிடம் ஃபோனில் அழுதார். "உங்க அக்கா என்ன தெருவுல நிறுத்திட்டா மச்சான்." அந்தக் கூடம் இப்போது மினி ஹால். காதுகுத்து, பிறந்தநாள், பூப்புனித நீராட்டு எல்லாம் நடக்கிறது. கூட்டம் ஜாஸ்தி என்று கேள்விப்படுகிறேன். ஆக மாமா நின்ற தெரு அவ்வளவு மோசமான தெரு இல்லை. அக்கா செம்மண்டலத்திலேயே இருக்கிறாள். அங்கே இப்போது இரண்டு பேட்ச் நடக்கிறது.

8

வெள்ளை மான் விண்ணப்பத்தின் மீதான விசாரணை நேற்று நகர மன்றத்தில் நடந்தது. மூன்று உறுப்பினர்கள், ஒரு ஜாடி தண்ணீர், பிஸ்கட். வரலாற்றுக் கழகத்தார் ஆட்சேபம் தெரிவித்தார்கள். அவர்கள் ஆட்சேபிக்கும் விதமே தனி. என்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லி, என் விண்ணப்பத்தைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லி, அது நடக்கவே கூடாது என்று முடித்தார்கள். ஒரு பெரியவர் பப்பின் கடைசி நாளைப் பற்றிப் பேசும்போது கண்கலங்கினார். நான் எழுந்துபோய்த் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். மறைந்துபோன பாருக்காக ஒருவர் அழுவதை நான் அறிந்தது இது இரண்டாவது முறை, முதலாமவர் என் மாமா.

தலைவர் அம்மாள் கண்ணாடியை இறக்கிவிட்டு என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். நிபந்தனைகள் எல்லாவற்றையும் படித்துப் புரிந்துகொண்டீர்களா? ஆம் என்றேன். உரிமம் கிடைத்தது.

வெளியே வந்து படிக்கட்டில் நின்றபடி செம்மண்டலத்துக்கு ஃபோன் செய்தேன். ஊரில் அப்போது சாயங்காலம். பின்னால் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிக்கிற சத்தம் கேட்டது. மது விற்கும் உரிமம் என் பெயருக்கு வந்திருப்பதைச் சொல்லிவிட்டு, திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

"கமிட்டில என்னா கேட்டாங்க?" என்றாள்.

"கண்டிஷனெல்லாம் படிச்சியான்னு கேட்டாங்கக்கா."

"படிச்சியா?"

"ஒரு வரி விடாம."

"நல்லது." பிள்ளைகளை அடுத்த வாய்ப்பாட்டுக்குப் போகச் சொன்னாள். "ஏன் பாஸ்கரு, அன்னைக்கு என்னோடதையும் நீதான எழுதுன? அந்தப் பன்னண்டாவது நிபந்தன அப்பவே அதுல இருந்துதா?"

"தெரியலக்கா. அப்ப நான் அதெல்லாம் படிக்கல."

"அதான நானும் நெனச்சேன்" என்றாள். குரலில் கிண்டல் இல்லை. "படிச்சிருந்தா எங்கிட்ட சொல்லாம இருந்திருப்பியா? உங்க மாமாதான், தம்பிக்குத் தெரியாமலா இருக்கும்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. நான்தான் சண்ட போட்டேன், அவன் அப்படிப்பட்டவன் இல்லன்னு."

பிள்ளைகள் கூப்பிட்டார்கள். அப்புறம் பேசுவதாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

2005இல், லாட்ஜ் ரிசப்ஷனில், இரண்டு நாள் உட்கார்ந்து விதிமுறைகள் முழுவதையும் படித்திருந்தேன். பன்னிரண்டாவதை இரண்டு தடவை படித்தேன்.